வீதியும் வாயிலும்: இங்கிலாந்தில் வீதியோரக் கட்டடக் கட்டுப்பாட்டின் வரலாறு

வீதி என்பது இருவேறு கடமைகளை ஒருங்கே சுமந்து நிற்பது. ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்துக்குச் செல்வோரைத் தடையின்றிக் கொண்டுசேர்த்தல் அதன் ஒரு கடமை. தன் இருமருங்கிலுமுள்ள காணிகளுக்கும் மனைகளுக்கும் வாயிலாக அமைதல் மற்றொன்று. நெடுந்தூரம் செல்பவன் வழியிலே வாயில்கள் குறைந்திருத்தலை வேண்டுவான். வீதியோரத்திலே காணியுடையவனோ தன் படலை வீதியை நோக்கித் திறத்தலையே வேண்டுவான். இருவர் வேட்கையும் நியாயமானவையே. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் சென்ற காலத்தில் இவை ஒன்றையொன்று பெரிதும் நெருக்கவில்லை. மோட்டார் வண்டி பெருகிய பின்னரே இவற்றிடையே பகை மூண்டது. அப்பகையைத் தீர்த்தற்கு 1909ஆம் ஆண்டு முதல் 1959ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களும் பாராளுமன்றமும் மேற்கொண்ட முயற்சிகளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாட்டுச் சட்டங்கள் நம் நாட்டு நகரத் திட்டச் சட்டங்களுக்கு வழிகாட்டியாய் அமைந்தமையின் அவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

வீதியோரத்தை அரசு கட்டுப்படுத்துதல் புதியதொரு கருத்தன்று. 1285ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னன் காலத்தில் இயற்றப்பட்ட வின்செஸ்ரர்ச் சட்டம், ஒரு சந்தைப் பட்டினத்திலிருந்து மற்றொரு சந்தைப் பட்டினத்துக்குச் செல்லும் பெருவீதிகளின் இருபுறமும் 200 அடி தூரத்துக்குள் ஒருவன் பதுங்கியிருந்து தீங்கு செய்தற்கு இடமான பள்ளமோ பற்றையோ இருத்தலாகாது என விதித்தது. ஓக் முதலிய பெருமரங்களுக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. அக்காலத்து வழிப்போக்கனுக்கு அச்சம் விளைத்தவர் கள்வர். 650 ஆண்டுகள் கழிந்தபின் ஏறத்தாழ இதே அளவு மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றதைப் பின்னர்க் காண்போம். அப்பொழுது வழிப்போக்கனுக்கு இடையூறாய் நின்றவை வீடுகள்.

இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலப் பொதுச் சட்டம் காணியாளன் பக்கமே நின்றது. பெருவீதியை அடுத்துக் காணியுடைய ஒருவன் அக்காணியின் எப்பகுதியிலிருந்தும் வீதிக்குள் இறங்கலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட உரிமை. இதனை வாயிலுரிமை என யாம் குறிப்பிடுவோம். எவரும் இவ்வுரிமையைப் பாராளுமன்றத்திடம் கேட்டுப் பெறவில்லை. அது தொன்றுதொட்டு வந்தது. எனவே அதனை எடுத்துக்கொள்ள விரும்பும் மன்றமே அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைவண்டி நெடுந்தூரப் போக்குவரத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டமையால் பெருவீதிகள் உறங்கிக் கிடந்தன. அதனால் இவ்வுரிமையின் விலை எத்துணையது என்பதை எவரும் கணக்கிட நேரவில்லை.

கணக்கிட்டவருள் முன்னவர் லோயிட் ஜோர்ஜ் எனலாம். 1909இல் அவர் நிதியமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வீதிச் சபை ஒன்று தோன்றியது. புதிய வீதி ஒன்றை அமைக்கும்போது அதன் நடுவிலிருந்து இருபுறமும் 220 யார் தூரம் வரையுள்ள நிலத்தையும் அச்சபை வாங்கலாம் என அச்சட்டம் இடமளித்தது. பொதுப்பணத்தால் வீதி அமையும். அதனால் அயல்நிலத்தின் விலை உயரும். அவ்வுயர்வு பொதுமக்களையே சேர்தல் வேண்டும் என்பது இதன் உட்பொருள். வாயில்களை அடக்கியாளுதற்கும் இதனினும் எளிய வழி இல்லை. ஏனெனில் நிலம் சபைக்கே உரியதாயின் வாயில் திறக்க வேறொருவர் இரார். ஆயினும் அச்சபை தன் பணத்தைப் பழைய வீதிகளின் புழுதியை அடக்குவதிலும் மேற்பரப்பைச் செப்பனிடுவதிலுமே பெரிதும் செலவிட்டது. முதலாம் உலகப் போர் மூண்டது. 1919இல் போக்குவரத்து அமைச்சு தோன்றியதும் சபை மறைந்தது. 220 யார் என்ற அதிகாரம் ஏட்டளவில் நின்றுவிட்டது.

போருக்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. வேலையற்றோருக்குத் தொழில் கொடுக்கும் பொருட்டு, நெருக்கடி மிகுந்த பழைய பட்டினங்களைத் தவிர்த்துச் செல்லும் புதிய பெருவீதிகள் வெட்டப்பட்டன. பிரென்ற்போட்டின் ஒடுங்கிய கடைத்தெருவைத் தவிர்க்கும் பொருட்டு அமைக்கப்பட்ட மேற்குப் பெருவீதியை 1925இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்துவைத்தார். தேம்ஸ் நதிக்கரைக் கிங்ஸ்ரன் நகரை விலக்கிச் செல்லும் புறவழி வீதியை 1927இல் பிரதமர் பால்ட்வின் திறந்துவைத்தார். இவ்வீதிகள் எதற்காக அமைக்கப்பட்டனவோ அப்பயன் சில ஆண்டுகளுள்ளேயே தேயத் தொடங்கியது. வயல்களினூடே சென்ற வெறுவீதியின் இருமருங்கிலும் வீடுகளும் கடைகளும் எண்ணெய் நிலையங்களும் ஒற்றை வரிசையாக எழுந்தன. ஆங்கிலேயர் இதனை நாடாவுக்கு ஒப்பிட்டு ‘ரிபன்’ வளர்ச்சி என்றனர். நாமும் நாடா வளர்ச்சி என்றே கூறலாம். அகலத்திலே ஒரு வீடு, நீளத்திலே பல மைல் என்பதே அதன் உருவம்.

இவ்வளர்ச்சியைப் பேராசையின் விளைவென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு கூறினோரும் பலர். அதன் கணக்கை நுணுகி நோக்கின் வேறொன்று புலப்படும். ஒருவன் பத்து ஏக்கர் வயலை வாங்கி அதன் நடுவே வீடுகள் கட்டுவானாயின் முதலில் உள்வீதி வெட்டல் வேண்டும்; அதற்குக் கல்லும் தாரும் இடல் வேண்டும்; நீர்க்குழாயையும் எரிவாயுக் குழாயையும் கழிவுநீர்க் கானையும் உள்ளே கொண்டுவரல் வேண்டும். இச்செலவு முழுவதும் வீட்டின் விலையிற் சேரும். அதே வீட்டைப் பெருவீதியின் ஓரத்திற் கட்டினாலோ இவற்றுள் வீதிச் செலவு அறவே இல்லை. அரசு பொதுப்பணத்தில் முதல்தர வீதியை அவன் காணிமுகப்பிலேயே கொணர்ந்து நிறுத்தியிருக்கின்றது. குழாய்களும் பெரும்பாலும் வீதியின் கீழேயே செல்லும். பேருந்து வீட்டு வாயிலில் நிற்கும். கமக்காரனுக்கும் இலாபமே. வயலின் முகப்பை மாத்திரம் கீலங் கீலமாக விற்றுவிட்டுப் பின்னுள்ள நிலத்தில் அவன் தொடர்ந்து பயிரிடலாம். யாழ்ப்பாணத்திலே வீதிமுகப்புக் காணிக்கும் ஒழுங்கைக்குள் இருக்கும் காணிக்கும் உள்ள விலை வேறுபாட்டை அறிந்தோர்க்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

1919க்கும் 1939க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 29 இலட்சம் தனியார் கட்டியவை. நெருக்கமான நகர்த்தெருக்களில் வாடகைக்குக் குடியிருந்த எழுதுவினைஞனும் ஆசிரியனும் கைவினைஞனும் தவணைமுறையிற் பணங் கட்டி, முன்னே சிறு பூந்தோட்டமும் பின்னே காய்கறித் தோட்டமும் உடைய வீட்டுக்கு உரியவராயினர். அவர்களுட் பலருக்குக் கிடைத்த வீடு பெருவீதியோரத்து வீடே. அதனைக் குற்றமெனல் பொருந்தாது.

ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலாபமாய் அமைந்தது அனைவர்க்கும் ஒருங்கே நட்டமாய் முடிந்தது என்பதே இதன் விந்தை. ஐம்பது வீடுகளுக்கு ஐம்பது வாயில்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு வண்டி திரும்பும், ஒரு பாற்காரன் நிற்பான், ஒரு குழந்தை வீதியைக் கடக்கும். நெடுந்தூர வண்டிகள் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் செல்லவேண்டியதாயிற்று. ஊர்மன்றம் நீர்க்குழாயைப் பல மைல் நீட்டியும் அதனாற் பயன்பெற்றவை வீதியின் இருபுறமும் உள்ள ஒற்றை வரிசை வீடுகளே. பள்ளிக்கூடமும் கடையும் நடந்து செல்லும் தூரத்தில் இல்லை. வீட்டுவரிசையின் பின்னே கிடந்த நிலம் வாயிலற்று அடைபட்டது. பிற்காலத்தில் அங்கே முறையான குடியிருப்பு அமைக்க விரும்பினும் உட்செல்ல வழியில்லை. நகரைத் தவிர்க்கும் பொருட்டு வெட்டிய புறவழி வீதியே நீண்டதொரு நகர்த்தெருவாகிவிட, அதனைத் தவிர்க்க மற்றொரு வீதி வெட்டவேண்டிய நிலை தோன்றியது.

மேற்குப் பெருவீதியிலே வீடுகளோடு தொழிற்சாலைகளும் வரிசையாக எழுந்தன. அவற்றுள் 1928இல் திறக்கப்பட்ட ஃபயர்ஸ்ரோன் ரயர்த் தொழிற்சாலை பெரிதும் பேசப்பட்டது. வீதியிற் செல்வோர் கண்ணைக் கவரும் வெண்முகப்பு அதற்கு. வீதியே அதற்கு விளம்பரப் பலகையாயிற்று. அக்காலத்து நல்லறிஞர் சிலர் இத்தகைய முகப்புகளைக் கண்டு முகஞ்சுளித்தனர். 1980இல் அத்தொழிற்சாலை இடிக்கப்பட்டபோதோ அரியதொரு கட்டடம் அழிந்ததே என மக்கள் சினந்தனர். நாடா வளர்ச்சியைப் பழித்தவர் கூற்றையெல்லாம் அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பழித்தவருள் தலையாயவர் பற்றிக் அபர்குறொம்பி. அவர் முயற்சியால் 1926இல் கிராமிய இங்கிலாந்தின் பாதுகாப்புக்கெனக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. கட்டடக் கலைஞரான கிளஃப் வில்லியம்ஸ் எலிஸ் 1928இல் வெளியிட்ட நூலில், நாட்டுப்புறத்தைப் பற்றி நெரிக்கும் எண்கால் கடற்பிராணியாக நகர வளர்ச்சியை உருவகித்தார். இவர்கள் குரல் வன்மையுடையதாயிருந்தது. ஆயின் அக்குரலிலே வயலின் அழகைப்பற்றிய கவலை ஓங்கி நின்ற அளவுக்கு வீதியைக் கடக்கும் குழந்தையைப் பற்றிய கவலை ஓங்கி நிற்கவில்லை என்பது என் கருத்து. வீதியோரத்து வீட்டை வாங்கிய எழுதுவினைஞனுக்கு வேறு எங்கே வீடு கிடைக்கும் என்ற வினாவுக்கும் அவர்களிடம் தக்க விடை இருக்கவில்லை.

இனி உள்ளூராட்சி மன்றங்களின் கையிலிருந்த கருவிகளை நோக்குவாம். 1909ஆம் ஆண்டின் நகரத் திட்டச் சட்டம் நகரை அடுத்து வளரும் நிலத்துக்குத் திட்டம் வகுக்க இடந்தந்தது. 1925ஆம் ஆண்டின் வீதித் திருத்தச் சட்டம் கட்டட எல்லைக்கோட்டை வரையறுக்கும் அதிகாரத்தை வீதிக்குப் பொறுப்பான மன்றங்களுக்கு வழங்கியது. அக்கோட்டுக்கு முன்னே எவரும் கட்டலாகாது. பிற்காலத்தில் வீதியை அகலமாக்குதற்கு இக்கோடு பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாயிலைப்பற்றி அக்கோடு யாதும் பேசாது. ஐம்பது வீடுகளை முப்பது அடி பின்னே தள்ளினாலும் அவற்றின் ஐம்பது வாயில்களும் வீதியிலேயே திறக்கும். கட்டடத்தைக் கட்டுப்படுத்துதல் வேறு, வாயிலைக் கட்டுப்படுத்துதல் வேறு என்பதனை ஆட்சியாளர் உணரச் சில ஆண்டுகள் சென்றன. கிங்ஸ்ரன் புறவழி வீதியின் நிலைமையைக் கண்கூடாகக் கண்ட சறே மாவட்ட மன்றம் 1931இல் தனக்கெனத் தனிச்சட்டம் ஒன்றைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவித்து வீதியோர வளர்ச்சியை அடக்க முயன்றது. 1932இல் நாடு முழுவதற்குமான நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் வந்தது.

இவையனைத்தும் தட்டுப்பட்ட கல் ஒன்றே. அது நட்ட ஈடு. ஒருவன் காணியிற் கட்டுதலைத் தடுத்தால் அவன் இழந்த இலாபத்தை மன்றம் ஈடுசெய்ய வேண்டும். காணியின் விலை எதனால் உயர்ந்தது? மன்றமும் அரசும் வரிப்பணத்திலே வீதி அமைத்தமையால் உயர்ந்தது. தாமே உயர்த்திய விலையைத் தாமே மீண்டும் கொடுத்தால்தான் தாம் அமைத்த வீதியைக் காக்கலாம் என்ற நிலையிலே, சிற்றூர் மன்றம் ஒன்று என் செய்யும்? அதன் ஆண்டு வருமானம் முழுவதும் இரண்டு மைல் வீதிமுகப்புக்கான ஈட்டுக்குப் போதாது. எனவே மன்றங்கள் திட்டங்களை வரைந்து வைத்துக்கொண்டு அவற்றை முடிவாக்காமல் நாட்கடத்தின. 1942இலும் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 5 பங்கே செயலுக்கு வந்த திட்டங்களின் கீழ் இருந்தது. இதனை மன்றங்களின் சோம்பலென்று கூறல் தகாது. ஆறு ஓடும் திசையை மாற்றும் பொறுப்பை அவற்றிடம் கொடுத்த பாராளுமன்றம் அணைகட்டும் பொருளைக் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் வீதிகளில் உயிரிழப்பு மிகுந்தது. பிரித்தானியாவில் தனியார் மோட்டார் வண்டிகள் 1930இல் ஏறத்தாழ 10 இலட்சமாயிருந்து 1939இல் ஏறத்தாழ 20 இலட்சமாயின. 1934இல் மாத்திரம் வீதி விபத்துகளில் இறந்தோர் 7,343 பேர். 1930ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என்ற பழைய வேக எல்லையை நீக்கியிருந்தது. 1935 மார்ச்சு மாதம் முதல் வீதிவிளக்கு வரிசையுள்ள கட்டடப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லை நடைமுறைக்கு வந்தது. வேகமாகச் செல்வதற்கென அமைத்த வீதியின் ஓரத்தில் வீடுகள் எழ, வீடுகளுக்காக விளக்குகள் எழ, விளக்குகளினால் அவ்வீதியின் வேகம் சட்டப்படியே குறைந்தது. அக்காலப் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா. பாதசாரிகள் கடக்குமிடங்களில் நிற்கும் மஞ்சள் உருண்டை விளக்குகளுக்குப் பெயர் தந்தவர் அவரே.

அவர் காலத்திலேதான், 1935 ஆகத்தில், நாடா வளர்ச்சித் தடைச் சட்டம் நிறைவேறியது. வகைப்படுத்தப்பட்ட வீதிகளின் நடுவிலிருந்து 220 அடிக்குள் வீதிக்குப் பொறுப்பான மன்றத்தின் இசைவின்றிக் கட்டடம் எழுப்பலாகாது. அதனினும் மேலாக, அத்தகைய வீதிக்குள் இசைவின்றிப் புதிய வாயில் திறக்கலாகாது. நூற்றாண்டுகளாக வந்த வாயிலுரிமை நாடளாவிய சட்டம் ஒன்றினால் முதன்முதலாகக் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. எட்வேட் மன்னனின் 200 அடி 220 அடியாகத் திரும்பிவந்தது. லோயிட் ஜோர்ஜின் 220 யாரும் மறக்கப்படவில்லை. அவ்வளவு தூரத்துக்குட்பட்ட நிலத்தை மன்றம் வாங்கலாம் என இச்சட்டமும் கூறியது.

நல்ல சட்டமே. ஆயினும் அதன் உடலிலே பழைய நோய் தங்கியிருந்தது. இசைவு மறுக்கப்பட்டவனுக்கு நட்ட ஈடு உண்டு என்ற விதி இதிலும் இடம்பெற்றது. வீதிக்குப் பொறுப்பு மாவட்ட மன்றத்திடம். நிலத்திட்டத்துக்குப் பொறுப்பு சிற்றூர், பட்டின மன்றங்களிடம். எனவே வீடு கட்டுபவன் இருவர் வாயிலையும் தட்டவேண்டியதாயிற்று. அவ்விரு மன்றங்களும் எப்பொழுதும் ஒரே நோக்குடையனவாய் இருக்கவில்லை. வீதிப் பொறியியலாளர் போக்குவரத்தைக் கண்டார். அயல்நிலம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது அவர் தொழிலன்று. பலவிடங்களில் பெருவீதிக்கு இணையாகத் துணைவீதி ஒன்றை அமைத்து, வீடுகளின் வாயில்கள் அதிலே திறக்கவும் அது ஓரிரு இடங்களில் மாத்திரம் பெருவீதியைச் சேரவும் ஒழுங்கு செய்யப்பட்டது. வாயில்கள் குறைந்தன. நாடாவோ அறுபடவில்லை, சற்றுப் பின்தள்ளி நீண்டது. முன்னமே எழுந்துவிட்ட வரிசைகளை எச்சட்டமும் பெயர்த்தெடுக்க இயலாது. 1936இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் ஏறத்தாழ 4,500 மைல் தலைமை வீதிகளை மன்றங்களிடமிருந்து எடுத்து அமைச்சின் பொறுப்பாக்கியது. 1939இல் போர் மூள, வீடு கட்டும் தொழிலே நின்றுபோயிற்று. சட்டத்தின் வலிமையைச் சோதிக்க நான்கு ஆண்டுகளே கிடைத்தன.

இச்சிக்கல் இங்கிலாந்துக்கே உரியதன்று. அமெரிக்காவில் எட்வேட் பாசெற் என்னும் சட்டத்தரணி 1930இல் ‘ஃபிறீவே’ என்ற சொல்லைப் படைத்தார். அயலிலுள்ள காணியாளருக்கு வாயிலுரிமை இல்லாத வீதி என்பதே அச்சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள். கட்டணமின்றிச் செல்லும் வீதி எனப் பிற்காலத்தார் பலர் அதற்குப் பொருள் கொண்டது பிழையாகும்.

போர்க்காலத்தில் இங்கிலாந்தின் அறிஞர் பலர் இவ்விடயத்தை மீண்டும் ஆராய்ந்தனர். 1942இல் வெளிவந்த அத்வற் குழுவின் அறிக்கை, நட்ட ஈட்டையும் நிலவிலை உயர்வையும் ஒருசேர ஆராய்ந்து நோயின் வேரைத் தொட்டது. அதன் வழியே, ஆயின் அதனினும் துணிந்து, 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் வந்தது. நிலத்தை உடைமையாக வைத்திருத்தல் வேறு, அதிலே புதிதாகக் கட்டும் உரிமை வேறு எனப் பிரித்து, இரண்டாவதை அச்சட்டம் அரசுக்கு உரியதாக்கியது. அன்றுவரை எதிர்பார்த்திருந்த இலாபத்தை இழந்தோருக்கென 30 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. திட்டமிடும் மன்றங்கள் 1,441இலிருந்து 145 ஆகக் குறைக்கப்பட்டன. விலையுயர்வு முழுவதையும் அரசே அறவிடும் ஏற்பாடு நிலச்சந்தையை முடக்கியமையால் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. ஆயினும் கட்டுதற்கு அனுமதி மறுத்தால் பொதுவாக ஈடு கொடுக்கவேண்டியதில்லை என்ற விதி நிலைத்துவிட்டது. மன்றங்களின் கையைப் பிணித்திருந்த கயிறு அவிழ்ந்தது இதனாலேயே என்பது என் துணிபு. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதாகப் பேசுவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

பழைய வீதி இவ்வாறு காக்கப்பட, வாயிலே இல்லாத புதிய வீதிக்கு 1949ஆம் ஆண்டின் சிறப்பு வீதிகள் சட்டம் இடந்தந்தது. குறிப்பிட்ட வகை வண்டிகள் மாத்திரமே அவ்வீதிகளிற் செல்லலாம். அயற்காணிகளிலிருந்து அவற்றுள் இறங்க வழியில்லை. 1958 மார்கழியில் பிறெஸ்ரன் நகரின் புறவழி வீதியைப் பிரதமர் மக்மில்லன் திறந்துவைத்தார். 1959 கார்த்திகையில் இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் முதலாம் மோட்டார்ப் பெருவீதியின் முதற்பகுதி திறக்கப்பட்டது. ஒரே வீதியிடம் இரு கடமைகளையும் எதிர்பார்த்த காலம் அத்துடன் முடிந்து, கடமைக்கு ஒரு வீதி என்ற காலம் தொடங்கியது.

நம் நாட்டில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தெருக்கோட்டையும் கட்டட எல்லையையும் உள்ளூராட்சி மன்றங்களின் கையிற் கொடுத்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு வந்து நகரத் திட்டம்பற்றி அறிக்கை எழுதினார். 1946இல் இயற்றப்பட்ட நகர, நாட்டுப்புறத் திட்டக் கட்டளைச் சட்டம் 1932ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது. கிராம சங்கமும் பட்டின சபையும் கட்டடத்தை வீதியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுதல் வேண்டும் என அளந்து பார்த்தன. வாயில்களின் எண்ணிக்கை அந்த அளவுகோலுக்குள் அடங்குவதன்று. கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் காலி வீதியிலே கடையும் வீடும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஊர் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகின்றது என அறியாவண்ணம் தொடர்ந்து நெருங்கின. 2011 கார்த்திகை 27ஆம் திகதி கொட்டாவையிலிருந்து காலிவரை தெற்கு அதிவேக வீதி திறக்கப்பட்டது. அயற்காணிகளிலிருந்து வாயில் இல்லாத வீதி இலங்கையில் அதுவே முதலாவது. பழைய காலி வீதி தன் படலைகள் அனைத்தோடும் கடற்கரையோரமாய் இருந்தபடியே இருக்கின்றது.